துபாயில் கட்டில் தேடும்போது வாடகையைக் கடைசியில் கேளுங்கள்

துபாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை எல்லாம் வேலையைப் பற்றித்தான். சம்பளம் எவ்வளவு, விசா யார் செலவு, கம்பெனி எப்படி. ராத்திரி எங்கே படுப்பாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும், "பெட் ஸ்பேஸ் கிடைக்கும்ல, போய்ப் பார்த்துக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே வந்து சில வருடங்கள் ஆன பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: வேலையில் நீங்கள் எப்படி இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பாதி முடிவு செய்வது நீங்கள் பிடிக்கும் கட்டில். தூங்காதவன் கணக்குப் பார்த்தால் கணக்கு அவனைப் பார்க்கும்.

பெட் ஸ்பேஸ் தெரியாதவர்களுக்கு: ஒரு ஃபிளாட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அதன் அறைகளில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்களைப் போட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்குவார். ஓர் அறையில் நான்கு பேரும் இருக்கலாம், எட்டுப் பேரும் இருக்கலாம். கீழ்க் கட்டிலுக்கு மேல் கட்டிலைவிடக் கொஞ்சம் கூட. கராமா, சத்வா, பர் துபாய், தேரா பக்கம் பக்காலா என்னும் மளிகைக் கடை வாசல்களிலும் விளக்குக் கம்பங்களிலும் தமிழில், மலையாளத்தில், தகலோகில் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். 'எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர் மட்டும்' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், சட்டை போட்டு ஆபீஸ் போகிறவன் என்று அர்த்தம். அந்தச் சீட்டு ஒட்டுவதற்கே அபராதம் உண்டு என்பது வேறு விஷயம்.

என் கம்பெனி அல் கூஸ் பகுதியில் கட்டுமானப் பொருள் விற்கும் ஓர் இடம். தங்குமிடம் தரமாட்டார்கள், சம்பளத்தில் அதற்கென்று ஒரு தொகை சேர்த்துவிடுவார்கள். அதனால் தேடுவது என் பாடு. எல்லோரையும் போல நானும் முதலில் சார்ஜாவைத்தான் பார்த்தேன். அதே வாடகைக்கு அங்கே இரண்டு மடங்கு இடம் கிடைக்கும். ஆனால் காலையில் சார்ஜாவிலிருந்து துபாய்க்குள் வரும் இத்திஹாத் ரோட்டை ஒரு முறை பார்த்தவர்கள் வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடமாட்டார்கள். சார்ஜா நஹ்தாவில் தங்கி எங்கள் ஆபீசுக்கு வரும் ஒரு மலையாளி சேட்டன், சுபுஹ் பாங்கு சொல்வதற்குள் எழுந்து கிளம்பிவிடுவார். வண்டியில் தூங்கி, ஆபீஸ் வாசலில் முகம் கழுவி, எட்டு மணிக்கு உட்காருவார். மிச்சம் பிடித்த காசை உறக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

துபாய்க்குள் மெட்ரோ பக்கமாகக் கட்டில் கிடைத்தால் பயண நேரம் தினமும் ஒரே அளவாக இருக்கும். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பயன்படும் பயண அட்டைதான் நோல் கார்டு, சாதாரண சில்வர் கார்டில் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், அடுத்த மண்டலம் வரை 5, அதைத் தாண்டினால் 7.50. இறங்கி அரை மணிக்குள் ஃபீடர் பஸ் ஏறினால் அதே பயணத்தில் சேர்ந்துவிடும். தினமும் தூரம் போகிறவர்கள் எல்லா மண்டலத்துக்குமான 30 நாள் பாஸ் 350 திர்ஹத்துக்கு எடுத்துவிடலாம். ஒன்று மட்டும்: அவசரத்தில் வந்த பெட்டியில் ஏறாதீர்கள். பெண்கள் பெட்டியில் ஆண் நின்றால் 100 திர்ஹம் அபராதம், 'புதுசா வந்தேன் சார்' என்பதெல்லாம் எடுபடாது.

இனி கட்டில் பார்க்கும் விதம். புதிதாக வருகிற தம்பிகளிடம் நான் சொல்வது, மத்தியானம் போய்ப் பார்க்காதே. மத்தியானம் எந்த ரூமும் அழகாகத்தான் இருக்கும். எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், ஏ.சி. ஓடும், ஒரே ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். 'அமைதியான ரூம்' என்று முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அந்த ஒருவர் ஏன் பகலில் தூங்குகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ஹோட்டலில் வேலை பார்க்கிறவர், ராத்திரி ஒன்றரைக்கு வந்து விளக்கைப் போடுவார். இரவு பத்து மணிக்குப் போங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் போனில் சத்தமாகப் பேசுகிறார்கள், அடுப்படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எல்லாம் அப்போதுதான் தெரியும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே யார் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்பது. நான் கராமாவில் சேர்ந்த அறையில் ஆறு பேர். டிரைவர் ஒருவர் நாலு மணிக்கு எழுவார். சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் இருவர் பத்து மணிக்குத்தான் போவார்கள். மீதி மூன்று பேருக்கும் ஆபீஸ் நேரம். ஒரு குளியலறைக்கு இது ரொம்ப நல்ல கலவை. இதே ஆறு பேரும் எட்டு மணி ஆபீஸ்காரர்களாக இருந்திருந்தால் ஆறரை மணிக்கு அந்தக் கதவு முன்னால் துண்டும் பிரஷ்ஷுமாகத் தினம் ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது ரூமுக்குப் பொறுப்பாக இருந்த கும்பகோணத்து அண்ணன். கட்டில் காலியானால் புது ஆளிடம் சம்பளம் என்ன, ஊர் என்ன என்று கேட்கமாட்டார். "தம்பி, டூட்டி எத்தனை மணிக்கு?" என்பதுதான் அவருடைய இன்டர்வியூ.

குளிக்கும் வரிசையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஜூன் வந்துவிட்டால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் உடம்பில் ஊற்ற முடியாத சூட்டில் இறங்கும். இங்கே பழகினவர்கள் கோடை தொடங்கியதுமே வாட்டர் ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிப்பார்கள். ஹீட்டர் தொட்டி ஏ.சி. குளிர்ச்சி பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அதில் தங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும். ஆனால் அது சின்னத் தொட்டி. முதலில் குளிக்கிற இரண்டு பேருக்குக் குற்றாலம், மூன்றாவது ஆளுக்கு மறுபடி கொதிநீர். அதற்காகத்தான் எங்கள் ரூமில் ஆளுக்கொரு வாளி. படுக்கும் முன் பிடித்து, மூடி, சுவர் ஓரமாக வைத்துவிட வேண்டும். அடுத்தவன் வாளித் தண்ணீரைத் தொடுவது அங்கே பெரிய குற்றம்.

மெத்தையைப் புரட்டிப் பார்க்க வெட்கப்படாதீர்கள். மூட்டைப்பூச்சி பெட் ஸ்பேஸின் நிரந்தரக் குடித்தனக்காரர். மெத்தை ஓரத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள், கட்டில் சட்டம் சேரும் இடத்தில், போல்ட் ஓட்டைக்குள் போன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பேனா மை சிந்தினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். குப்பைத் தொட்டி பக்கம் யாரோ வைத்துவிட்டுப் போன 'நல்ல' மெத்தையை எடுத்துவராதீர்கள், அதை ஏன் வைத்தார்கள் என்பது ஒரு வாரத்தில் உடம்பில் தெரியும். பூச்சி வந்துவிட்டால் நகராட்சி அனுமதி பெற்ற கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும். ரகசியமாக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்கி அறைக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு சுவர் இடுக்கு, ஏ.சி. குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இந்த நாட்டில் அப்படிக் குழந்தைகள் உட்படப் பலர் செத்திருக்கிறார்கள். உங்கள் ரூமில் யாராவது 'ஒரு மாத்திரை இருக்கு, சல்லிசா முடிச்சிடலாம்' என்றால் அன்றைக்கே சண்டை போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். துபாயின் 2007-ஆம் ஆண்டு 26-ஆம் எண் வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் வாடகைக்காரர் உள்வாடகைக்கு விட முடியாது. ஒப்பந்தம் இஜாரியில், அதாவது அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவேட்டில், பதிவாகியிருக்க வேண்டும். உடன் தங்குகிறவர்களின் பெயரையும் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் சேர்க்கச் சொல்லி 2022-இல் உத்தரவு வந்தது. உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது என்று ரூம் பொறுப்பாளர் மழுப்பினால், அந்த வீட்டில் பதிவில் இருப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஹாலைப் பிளைவுட் வைத்துத் தடுத்துச் செய்யும் பார்ட்டிஷன் அறைகள் இன்னும் மோசம். ஜன்னல் இருக்காது, தீப்பிடித்தால் வழி இருக்காது. 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் துபாய் நகராட்சி இவற்றை வேட்டையாடியபோது, பெட்டியோடு தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் மாதம் தவறாமல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். பதிவில் பெயர் இல்லாதவனுக்கு, தான் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வாய் இல்லை. ரசீது தரமாட்டேன் என்றால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, எதற்கு என்று குறிப்பாவது போட்டு வையுங்கள்.

இப்போது மெஸ். சமையலைப் பங்கு போட்டுக்கொள்வதற்கு இங்கே அதுதான் பெயர். ஆறு பேரும் மாதம் ஒரு தொகை போட்டு, ஆளுக்கொரு நாள் சமைப்பது. ஒரு நாள் ஓய்வு, அன்றைக்குக் குபூஸ் என்னும் அரபு ரொட்டியும் தாலும், கையில் காசு இருந்தால் கராமாவிலேயே தோசை. சமைக்கத் தெரியாது என்று ஒதுங்கினால் பாத்திரம் உங்கள் தலையில் விழும், அதுவும் தினமும். எனவே ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு சாம்பார், ஒரு கோழிக் குழம்பு, ஒரு பொரியல் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் மெஸ்ஸில் ராமநாதபுரத்து பாய் ஒருவர் உண்டு. வெள்ளிக்கிழமை அவருடைய முறை. தொழுகைக்குப் போய்விட்டு வந்து அவர் நெய்ச்சோறு வடிக்கும் வாசனைக்கு மேல் மாடி ஃபிலிப்பினோக்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

சமையல் என்றதும் ஒரு எச்சரிக்கை. அம்மா அரைத்துத் தரும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நமக்குக் குருமாச் சாமான், இங்கே தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் அப்படித்தான். வலி மாத்திரை, இருமல் மருந்து எடுத்துவந்தாலும் டிரமடால், கோடீன் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

மெஸ்ஸில் சண்டை வருவது ருசியால் இல்லை, கணக்கால். ஒருவர் ஊருக்குப் போன மாதம் அவர் பங்கு எவ்வளவு, விருந்தாளி வந்து மூன்று நாள் தங்கினால் யார் கொடுப்பது, மின்சாரமும் தண்ணீரும் வாடகையில் அடக்கமா தனியா, காஸ் சிலிண்டரும் குடிநீர்க் கேனும் யார் வாங்குவது. இதையெல்லாம் சேரும் அன்றே வாட்ஸ்ஆப் குழுவில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. வாயால் பேசினால் மரியாதை, எழுத்தில் கேட்டால் சந்தேகம் என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. சந்தேகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலைப் பக்கமும் இதே கதைதான். மனிதவள அமைச்சகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் அரபியோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் கிடைக்கும். இது பலருக்குத் தெரியாது. கையெழுத்துப் போடும் முன் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அடிப்படையை வைத்துத்தான். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். மொத்தம் 3,000 திர்ஹம் வாங்கும் இருவரில் ஒருவருக்கு அடிப்படை 1,200, இன்னொருவருக்கு 1,800 என்றால், வருடத்துக்கு முன்னவருக்கு 840, பின்னவருக்கு 1,260. மாதாமாதம் கையில் வாங்கும்போது தெரியாத வித்தியாசம் ஊருக்குத் திரும்பும்போது தெரியும்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டப்படி சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் உங்களை அனுப்புவதென்றால் கம்பெனி 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ஒரு மாத நோட்டீஸ், நாட்டைவிட்டே கிளம்புவதென்றால் 14 நாள். ஆளெடுக்கும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. 'பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வைக்கிறோம்' என்பார்கள், உங்கள் தலையணைக்கு அடியிலேயே அது பத்திரமாக இருக்கும். வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம், அடிப்படை 16,000 திர்ஹம் வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான், எடுக்காவிட்டால் 400 அபராதம். கம்பெனி எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், அது தொழிலாளியின் பொறுப்பு. சம்பளம் வராமல் இழுத்தால் அமைச்சகத்தின் ஆப்பிலேயே புகார் செய்யலாம். இந்தியர்களுக்கு உதவ 800 46342 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

முதல் சம்பளம் நினைத்த தேதிக்கு வராது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் ஐ.டி., அப்புறம்தான் வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள் போகும். ஒன்றரை மாத வாடகையும் சாப்பாடும் பயணமும் தாங்கும் அளவுக்குக் கையில் பணத்தோடு வரவேண்டும். இல்லாவிட்டால் ரூமில் கடன் வாங்கித்தான் உங்கள் துபாய் வாழ்க்கை தொடங்கும்.

ஆபீசில் எனக்குத் தடுமாற்றமாக இருந்தது ஆங்கிலம் இல்லை, இந்தி. மேலே எகிப்துக்காரர், பக்கத்தில் ஃபிலிப்பினோ, இவர்களோடு உடைந்த ஆங்கிலம் போதும். கிடங்கில் இறங்கினால் பெஷாவர் டிரைவர், நேபாளத்து ஹெல்ப்பர், வங்காளதேசத்து ஃபோர்க்லிஃப்ட் ஆள், எல்லோருக்கும் இந்தியோ உருதுவோதான் பொது. முழுசாகக் கற்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றிலிருந்து நூறு வரை எண்களை முதலில் மனப்பாடம் செய்துவிடுங்கள், சரக்கு எண்ணுவது பாதி வேலை. இந்தி எண்களில் நாற்பதுக்கு மேல் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும், டிரைவர் சிரிப்பார், சிரித்துக்கொண்டே திருத்துவார்.

வீட்டுக்குப் பேசுவதற்கும் ரூமின் நேரம்தான் எஜமான். வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், அழைப்புப் போகாது. எல்லோரும் போட்டிம் என்ற அழைப்பு ஆப் வைத்திருப்பார்கள், ஊரில் அம்மா போனிலும் அதை ஏற்றிவிட்டே கிளம்புங்கள். இந்தியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. நாம் வேலை முடிந்து, சமைத்து, சாப்பிட்டு உட்காரும்போது அங்கே பதினொன்றரை, இங்கே மேல் கட்டிலில் நாலு மணி டிரைவர் தூங்கியாயிற்று. அதனால் எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ராத்திரி எப்போதும் படிக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் மெட்ரோவிலிருந்து ரூமுக்கு நடக்கும் நேரத்தை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் வியர்த்து ஊற்றும், ஆனாலும் அந்த நடை எனக்கு வசதியாக இருந்தது.

பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்ச் கடையில் வரிசையில் நிற்கும் முன் ஊர் வங்கியில் ஒரு வேலை முடிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்தவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாக. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டது, ஆகவே ரூபாய் டாலருக்கு இறங்கும் நாளில் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதற்காகத் தினமும் ரேட் பார்த்துக்கொண்டு பணத்தை அனுப்பாமல் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ரூமில் இருக்கும் பணம் கரைந்துவிடும்.

ரூம் மாறுவது பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெட் ஸ்பேஸில் பெரும்பாலும் ஒரு மாத நோட்டீஸ், அதை மாதம் பிறப்பதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முன்பணத்தைக் கடைசி மாத வாடகையாகக் கழித்துக்கொள்ளச் சொன்னால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள், அப்படி முடிப்பதுதான் சுலபம். சம்மதிக்காதவரிடம் மாற்று ஆளை நீங்களே கொண்டுவந்து நிறுத்தினால் அன்றே பணம் வந்துவிடும். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் முன் அவருடைய டூட்டி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்பார்கள். ரெஸ்ட் ஆப்பில் உங்கள் பெயரை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். கட்டிலையும் அலமாரியையும் காலியாக இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, அதன் பிறகு குழுவிலிருந்து வெளியேறுங்கள்.